நடுப்படம்

"பேரு எதுக்கு தம்பி? ஊருக்கு ஒரு பாஸ்போர்ட்டு வச்சிருக்கறவனுக்கு எந்தப் பேருன்னு வைக்கறது?"

அக்கா சொன்ன எந்தக் கதையிலும் கதாநாயகனுக்குப் பெயர் கிடையாது. ஏஜென்ட்டு என்பார், அவ்வளவுதான். வில்லனுக்குப் பெயர் இருக்கும், வில்லன் வளர்க்கிற நாய்க்குக்கூட இருக்கும். ஏஜென்ட்டுக்கு இருக்காது. அதே மரியாதையை அவருக்கும் செய்வதாக நினைத்துக்கொண்டு, அவர் பெயரை நானும் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

விழுப்புரத்தில் ஒரு சிறிய டயாலிசிஸ் சென்டரில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். செவ்வாய், வியாழன், சனி. எனக்குப் பக்கத்து ஊரான காணையில் உரக்கடை. ரத்தக் கொதிப்பு இருப்பதே தெரியாமல் பல வருடம் யூரியா மூட்டை தூக்கி இறக்கிக்கொண்டிருந்தவன், ஒருநாள் முகம் வீங்கிப் போய்ப் படுத்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதென்றார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் தனியாக வருவார், தனியாகப் போவார். நெற்றியில் பெரிய பொட்டு, இடுப்பில் செருகிய கைக்குட்டை, பஸ் படியிலிருந்து இறங்கும்போது யார் கையையும் பிடிக்காத பிடிவாதம்.

என் முதல் நாளில், கழுத்தில் போட்ட குழாய் வழியாக என் ரத்தம் வெளியே போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. என்ன படம் பிடிக்கும், சண்டைப் படமா, பேய்ப் படமா என்று விசாரித்தது. நான் பதில் சொல்லவில்லை. சொல்கிற நிலையிலும் இல்லை. அப்படியானால் உளவுப் படமே வைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் குரல் தானே முடிவு செய்து, கதையை ஆரம்பித்துவிட்டது. திண்டிவனம் ரயில்வே கேட் பக்கத்தில் ஒருவன் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருக்கிறான். அவன் அம்மா உள்ளே கேப்பைக் கூழ் கரைத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் ஒரு ஜீப் வந்து நிற்கிறது. அடுத்த காட்சியில் பனிமலை. பல் விளக்கியவன் கோட்டு போட்டுக்கொண்டு, யாரோ ஒரு மந்திரியின் பெட்டியைக் கையில் விலங்கு மாட்டிப் பிடித்துக்கொண்டு ரயிலில் போகிறான். நான் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். சிஸ்டர் வந்து முடிந்துவிட்டது, எழுந்திருங்கள் என்றபோதுதான் முகத்தைத் திருப்பினேன்.

அக்கா திண்டிவனத்தில் ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர். கல்யாணமான புதிதில் சேர்ந்து, புருஷன் இறந்து, உடம்பு கெடும்வரை அங்கேயே இருந்தார். ஒவ்வொரு காட்சிக்கும் கவுண்டரை மூடிவிட்டு அவர் உள்ளே போகும்போது படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். கடைசிச் சண்டை வருவதற்கு முன்னாலேயே அடுத்த காட்சிக்குக் கவுண்டர் திறக்க வெளியே வந்துவிட வேண்டும். இத்தனை வருடத்தில் அவர் பார்த்ததெல்லாம் நடுப்படம்தான். தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. டிவியில் அதே படங்கள் போடும்போது முழுசாகப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று நான் ஒருமுறை கேட்டேன். இரண்டு மூன்று பார்த்தாராம். முழுசாகப் பார்த்தால் சப்பென்று ஆகிவிடுகிறது என்றார்.

ஏன் உளவுப் படம் மட்டும் என்பதற்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது.

"குடும்பப் படத்துல மொதல்ல கொஞ்சம் வுட்டுட்டா, யாரு யாருக்கு இன்னா ஒறவுன்னே புரியாது தம்பி. உளவுப் படத்துல அது யாருக்குமே புரியாது. மொதல்லேர்ந்து காசு குடுத்து உக்காந்துக்கினு இருக்கறவனுக்கும் புரியாது. அப்ப நானும் அவனும் ஒன்னுதானே?"

தொடக்கத்தை அவரே கட்டிக்கொள்வார். அது எப்போதும் நம் பக்கத்து ஊரில்தான் நடக்கும். முடிவை ஒவ்வொரு தடவையும் மாற்றுவார். ஒரே படத்தில் ஏஜென்ட்டு ஒரு வாரம் கடலில் விழுந்து சாவான், அடுத்த மாதம் அதே படத்தில் மயிலம் கோயிலில் கல்யாணம் செய்துகொள்வான். நடுவில் வருகிற திருப்பங்களை மட்டும் அவர் மாற்றவே மாட்டார். திருப்பம் மூன்று இடத்தில் வரவேண்டும் என்பார். முதல் திருப்பத்தில் அவனுக்கு வேலை வருகிறது. மாட்டேன் என்று சொன்னவன் ஒப்புக்கொள்கிறான். இரண்டாவதில் வேலை கொடுத்தவர்களே அவனைச் சந்தேகப்படுகிறார்கள். இடைவேளை விடுவது அங்கேதான். மூன்றாவதில் கூட இருந்தவனே காட்டிக்கொடுத்தவன் என்று தெரிகிறது. சண்டைகளை ஒரே வரியில் முடித்துவிடுவார். அடிச்சான், வுழுந்தாங்க. சண்டை நடக்கும்போது கதை நின்றுவிடுகிறது, ஒருவன் இன்னொருவனை நம்பும்போதுதான் அது நகர்கிறது என்பது அவர் கட்சி.

மிஷினில் படுத்தவர்களுக்குத் தெரியும், கடைசி ஒரு மணி நேரம்தான் ஆளைக் கவிழ்க்கும். கொட்டாவி வரும், வேர்க்கும், கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு இழுக்கும். எங்கள் ஹாலில் ஒரு டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். அக்கா மூன்றாவது திருப்பத்தை அந்த நேரத்துக்காகவே வைத்திருந்தார். காட்டிக்கொடுத்தவன் யார் என்று தெரியப்போகிற சமயத்தில் யாருக்கும் கால் இழுத்ததாக எனக்கு நினைவில்லை. இழுத்திருக்கலாம், நாங்கள் கவனித்திருக்க மாட்டோம். சிஸ்டர்களும் அந்த நேரத்தில் ஊசி, மருந்து என்று ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே சுற்றுவார்கள்.

எதிர்க் கட்டிலில் திருவக்கரைப் பெரியவர் ஒருவர். கோயில் வாசலில் எலுமிச்சை மாலை கட்டி விற்றவர். கதை கேட்பதில் அவருக்கு இருந்த ஆசைக்கு ஈடாக ஒரு வருத்தமும் இருந்தது. அக்காவின் கதைகளில் துரோகியை உடனே சுட மாட்டார்கள். ஏஜென்ட்டு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவான். அங்கே துரோகியின் மனைவி காப்பி கொடுப்பாள். ஏஜென்ட்டு அதைக் குடித்துவிட்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பான். துரோகி சொல்லுவான். அது நீளமாகப் போகும். எந்தத் தியேட்டரிலும் அப்படி ஒரு காட்சி வந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அதை அக்கா தானாகவே செருகுகிறார்.

பெரியவருக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. காட்டிக்கொடுத்தவனுக்குக் காப்பி வேறா, எடுத்தவுடன் சுட்டுவிட்டுப் போவதுதானே, இதெல்லாம் ஒரு படமா என்று சலித்துக்கொண்டார்.

"சுட்டுடலாம் பெரியவரே, இன்னா இப்ப," என்றார் அக்கா. "ஏன் பண்ணேன்னு கேட்டுட்டு சுடலாம். கேக்காம சுட்டா, சுட்டவன் காலம் பூரா அதையேதான் நெனச்சிக்கினு இருப்பான்."

சனிக்கிழமைகளில் மட்டும் ஒரு பெண் வருவாள். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு, பார்த்தவுடன் தெரிகிற அக்காவின் சாயல். கையில் டிபன் பாக்ஸ். ஹாலுக்குள் வர மாட்டாள். கதவோரம் நின்று டப்பாவை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று கொஞ்ச நேரம் கதை கேட்டுவிட்டுப் போவாள். அக்கா டப்பாவைத் திறந்து, ஊசி ஏறாத கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவார். என் தங்கச்சி, குயிலாப்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது, ஆரோவில்லில் தைக்கிற வேலைக்குப் போகிறது என்று சொல்லியிருந்தார். அதற்குமேல் சொன்னதில்லை.

மீதியை அந்தத் தங்கையேதான் எனக்குச் சொன்னாள். என் மனைவி எனக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்து பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்த சமயம் அது. இது எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு சனிக்கிழமை சிகிச்சை முடிந்து கீழே டீக்கடையில் நான் மனைவிக்காகக் காத்திருந்தபோது அருகில் வந்து நின்றாள். அண்ணிக்குப் பயமாக இல்லையா என்று கேட்டாள். எல்லோருக்கும் இருப்பதுதானே என்றேன். அவள் சட்டென்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

அவளுடைய சிறுநீரகம் அக்காவுக்குப் பொருந்தியிருக்கிறது. எல்லாப் பரிசோதனையும் முடிந்து, இவள் புருஷன் கையெழுத்துப் போட்டு, சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர நாளும் குறித்துவிட்டார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் சந்தித்து, சென்னை பஸ் ஏறுவதாக ஏற்பாடு. இவள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாள். அங்கிருந்து அப்படியே திரும்பி ஊருக்குப் போய்விட்டாள். போனை அணைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அக்கா ஆஸ்பத்திரிக்கும் சொந்தக்காரர்களுக்கும் வேறு கதை சொல்லியிருக்கிறார். ஆப்பரேஷன் என்றதும் தனக்கே பயம் வந்துவிட்டது, தான்தான் வேண்டாமென்று தங்கையைத் திருப்பி அனுப்பிவிட்டதாக. எல்லோரும் அக்காவைத் திட்டினார்கள். அக்கா வாங்கிக்கொண்டார்.

"ஏன்டி வரலன்னு இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலண்ணா," என்றாள். "பொங்கலுக்குப் போனா சீலை எடுத்துக் குடுக்குது. என் பொண்ணுங்களுக்கு மல்லாட்டைய வறுத்து வெல்லத்துல உருண்டை புடிச்சி அனுப்புது. கன்னத்துல நாலு வச்சிதுன்னா தேவலை. நீங்க பக்கத்துலதானே படுத்துக்கினு இருக்கீங்க. கேக்கச் சொல்லுங்க."

அடுத்த செவ்வாயன்று அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் அன்றைக்குக் கதை இல்லை. தூக்கம் வருகிறது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்பது தெரிந்தது. பெரியவருக்கு அன்று இரண்டு காலும் இழுத்தது. சிஸ்டர் ஓடி வந்து சலைன் ஏற்றினார். எனக்கும் இழுத்தது.

வியாழக்கிழமை, எடை பார்க்க வரிசையில் நிற்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"கேட்டா அவ சொல்லுவா தம்பி. சொல்லிட்டு, திருப்பி என்னை ஒன்னு கேப்பா. அதுக்கு எங்கிட்ட நல்ல பதிலு இல்ல."

அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அந்த நல்ல மனுஷியைப் பற்றி முதல்முறையாக எனக்குள் ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்தது. இத்தனை பொறுமையாக ஒருவரை மன்னித்துக்கொண்டே இருப்பது, மன்னிக்கப்படுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசிவரை ஒளித்து வைப்பதில் அக்காவுக்கு நம்பிக்கை இருந்ததில்லை. என் மனைவியின் சிறுநீரகம் எனக்குப் பொருந்தியது. பயமாக இருக்கிறதா என்று அவளிடம் நேராகவே கேட்டேன். பயமாகத்தான் இருக்கிறது, அதற்கென்ன இப்போது, நீ போய்க் கடையைத் திற என்றாள். ஆப்பரேஷன் முடிந்தபின் விழுப்புரம் போவது நின்றது. அக்காவுடன் போனில் பேசுவதோடு சரி. அவர் வேறு யாரிடமும் சிறுநீரகம் கேட்கவில்லை. தங்கை மறுபடி கொடுக்க வந்தபோதும், உன் பெண்கள் வளரட்டும் என்று தள்ளிவிட்டார். இரண்டு மழைக்காலம் கழித்து, ஒரு காலையில், பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலிலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தங்கைதான் போன் செய்தாள். அன்று பிடித்துக் கூட்டிப்போக அவள் வந்து பக்கத்தில்தான் நின்றிருந்தாளாம். அந்தக் கடைசி வருடங்களில் வாரத்தில் மூன்று நாளும் அவளே கூட வந்துகொண்டிருந்தாள்.

அப்படி ஆனது அந்த வியாழனுக்கு அடுத்து வந்த சனிக்கிழமையால்தான்.

அன்று அக்கா ஒரு புதுக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஏஜென்ட்டுக்கு வருடக்கணக்காகப் பாஸ்போர்ட் தயார் செய்து கொடுத்த கூட்டாளிதான் எதிரிக்கு ஆள் என்று தெரிந்துவிட்டது. ஏஜென்ட்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டான். காப்பியும் வந்துவிட்டது. பெரியவர் தலையணையில் ஒருக்களித்துக் காதைக் கொடுத்திருந்தார். அக்கா நிறுத்தினார். கதவுப்பக்கம் பார்த்தார். தங்கை டிபன் பாக்ஸோடு நின்றிருந்தாள்.

"உள்ள வா," என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கி ஏன்டி வரல?"

எத்தனை டிக்கெட் என்று கேட்கிற குரல்தான். கோபம் இல்லை. தங்கைக்குப் பேச்சு தடுமாறவில்லை. பல வருடம் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள்.

"வந்தேன்க்கா. பழக்கடைக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தேன். நீ பஸ்ஸுல ஜன்னலோரம் எனக்குத் துண்டு போட்டுட்டு, எறங்கி வந்து கீழ நின்ன. அதைப் பாத்தேன். பொண்ணுங்க ரெண்டும் கண்ணு முன்னால வந்துதுங்க. காலு நவுரல. பயம்தான்க்கா. வேற ஒன்னும் இல்ல."

அக்கா தன் கையிலிருந்து போகிற குழாயைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார். "நானும் உன்னைப் பாத்தேன்."

தங்கை கம்பியை விட்டுவிட்டாள்.

"பச்சை சீலை கட்டிக்கினு இருந்த. பையை நெஞ்சோட சேத்துப் புடிச்சிக்கினு நின்ன. கூப்புடலாம்னு கையைத் தூக்கினேன். கூப்ட்டிருந்தா நீ வந்திருப்ப. அதான் கூப்புடல."

பெரியவர் எழுந்து உட்காரப் பார்த்து, குழாய் தடுக்க மறுபடி படுத்துக்கொண்டார்.

"பாத்தியா?" என்றாள் தங்கை. "பாத்துட்டா இத்தினி வருசம் சும்மா இருந்த?"

"சொன்னா மறுநாளே வந்து படுத்துப்பன்னு நெனச்சேன்." அக்கா நிறுத்தினார். "பொய் சொல்லக் கூடாது. கோவமும் இருந்திச்சு. அது போன பொறவு சொல்லலாம்னு இருந்தேன். போவல."

அப்புறம் தங்கை திட்ட ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை, அழவுமில்லை. தாழ்ந்த குரலில், நிறுத்தாமல் திட்டினாள். ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தது, உன் அக்கா ஆப்பரேஷனுக்குப் பயந்த கோழை என்று மாமியார் சிரித்தபோது எதிரே உட்கார்ந்து சோறு தின்றது, புருஷனிடம்கூட வாயைத் திறக்க முடியாமல் போனது, நீ அனுப்பிய மல்லாட்டை உருண்டையைக் கடிக்க முடியாமல் மாட்டுக்குப் போட்டது, எல்லாவற்றையும் சொல்லித் திட்டினாள். தெரிந்துகொண்டே வேடிக்கை பார்த்தாயே, நீயெல்லாம் ஒரு அக்காவா என்றாள். சிஸ்டர் அருகே வந்தார். அக்கா தலையை அசைத்து அவரைத் தடுத்தார். "அவ திட்டட்டும். தப்பு எம்மேலதான்."

அது ஓய வெகு நேரமாயிற்று. இடையில் எப்போது என்று யாரும் கவனிக்கவில்லை, அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா ஸ்பூனுக்காகக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். இட்லியைப் பிட்டு, மாமியார் சொன்னது இன்னொன்றும் இருக்கிறது என்று ஆரம்பித்து, திட்டிக்கொண்டே ஊட்டினாள். அக்கா ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொண்டார்.